ஆஸ்பத்திரியில் இருந்த வருடம்தான் சந்தோஷமாக இருந்தது என்றேன், அம்மா எழுந்து போய்விட்டார்

கேள்வி:

எனக்கு 46 வயது. ஏழு வயதில் முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டிருந்தேன், படம் எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் பெர்த்தஸ் நோய் என்றார்கள். குழந்தைகள் மருத்துவமனையில் கிட்டத்தட்ட ஒரு வருடம் படுத்திருந்தேன். முதலில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள், பிறகு இரண்டு காலையும் அகட்டி வைத்து நடுவில் ஒரு கட்டையோடு மாவுக்கட்டு. ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துதான் போகிறது. பக்கத்துக் கட்டில் பையனும் நானும் ஒரு பச்சை நூலில் காலி மருந்துப் பெட்டியைக் கட்டி இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் இழுப்போம், அதில் படம் வரைந்த காகிதம், பொத்தான், எதையாவது அனுப்புவோம். பெட்டி என் கட்டில் காலில்தான் எப்போதும் சிக்கும். பகல் சிஸ்டர் வந்தால் நூலைப் போர்வைக்குள் இழுத்துவிட வேண்டும், ராத்திரி டூட்டி சிஸ்டர் என்றால் பயமில்லை, அவரே பெட்டியை எடுத்துவிட்டுப் போவார். எனக்குக் கட்டுத்துணி சுருட்டக் கொடுப்பவரும் அவர்தான்.

போன மாதம் குடும்பமாக உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது, "என் வாழ்க்கையிலேயே சந்தோஷமா இருந்தது அந்த ஆஸ்பத்திரி வருஷம்தான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா (அவளுக்கு அப்போது பதினொரு வயது) கோபத்தோடு, "அம்மா கிளம்பும்போதெல்லாம் நீ கதறுவே, அவங்க படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க, உனக்கு என்ன தெரியும்" என்றாள். நான் அழுததே எனக்கு நினைவில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று வார்டுக்கே திரும்பப் போகணும் என்று அடம்பிடித்தேனாம், அதை மட்டும் அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். அதிர்ச்சியை மறைக்க மனசு இப்படி இனிப்பாக மாற்றிவிடும் என்கிறார் கணவர். நான் கற்பனை செய்துகொண்டேனா? வீட்டில் பாசம் கிடைக்காத குழந்தைதான் இப்படி நினைக்குமா? இன்னொன்று, அந்தப் பக்கத்துக் கட்டில் பையன் ஒருநாள் காலையில் இல்லை, புது விரிப்பு போட்டிருந்தது. வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். அப்போது நம்பினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த வார்டை ஒரு முறை போய்ப் பார்க்கவும் ஆசை. போகலாமா?

பதில்:

உங்கள் கணவர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். தாங்க முடியாததை மனம் மூடி வைத்துவிடும் என்ற விளக்கம் சிலருக்குப் பொருந்தும். குழந்தைகள் வார்டுகளில் ஆலோசகராக வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் அது எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது" என்று மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு, சரி ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றால் எதுவுமே வராமல் முழிப்பவர்களிடம்தான் நான் கொஞ்சம் நின்று யோசிப்பேன். நீங்கள் நூலின் நிறத்தைச் சொல்கிறீர்கள், பெட்டி எங்கே சிக்கும் என்று சொல்கிறீர்கள், எந்த சிஸ்டருக்குப் பயப்பட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே பிடிக்காதவர்களும் இருந்தார்கள், பிடித்தவர்களும் இருந்தார்கள். மறைப்பதற்காகப் பூசிய நினைவில் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக இருக்காது.

உங்களுக்கு வந்த நோயையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெர்த்தஸ் என்பது தொடை எலும்பின் உருண்டையான தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, அந்த இடம் மிருதுவாகி, பிறகு சில வருடங்களில் தானாகவே மறுபடி வளரும் நோய். 1910-இல் லெக், கால்வே, பெர்த்தஸ் என்ற மூன்று மருத்துவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்து தனித்தனியாக இதை எழுதினார்கள், அதனால் மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதும் உண்டு. பெரும்பாலும் நாலு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் வரும், பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்குப் பல மடங்கு அதிகம். எலும்பு மிருதுவாக இருக்கும் காலத்தில் உடம்பின் எடை அதன் மேல் விழுந்தால் உருண்டை நசுங்கிப்போகும் என்ற பயத்தில்தான் அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். கட்டிலின் கால் பக்கத்தைக் கட்டை வைத்து உயர்த்தி, கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டு, அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள், உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

இதில் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஓய்வு கொடுத்துக் கொஞ்ச நாளில் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். காய்ச்சல் கிடையாது, சோர்வு கிடையாது, பசி நன்றாக எடுக்கும், கையும் வாயும் மூளையும் முழு வேகத்தில் ஓடும், கால் மட்டும் கட்டிப்போட்டிருக்கும். உங்கள் அம்மா வார்டு வாசலில் நின்று பார்த்தது எடை தொங்கும் ஒரு நோயாளிக் குழந்தையை. உள்ளே படுத்திருந்தது நல்ல ஆரோக்கியமான, விளையாட ஆள் தேடும் ஏழு வயதுக் குழந்தை, சுற்றிலும் அதே மாதிரி வேறு எங்கும் போக முடியாத பிள்ளைகள். யாரையும் மாலையில் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்! வேறு எந்த ஏழு வயதுக் குழந்தைக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கூட்டாளி கிடைக்கும்?

வார்டில் நீண்ட நாள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு அந்தஸ்தும் வந்துவிடும். புதிதாக வரும் குழந்தை ராத்திரி அழுதால், எந்த ஊசி வலிக்கும், எது சும்மா எறும்புக் கடி, ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் என்ன கேட்பார் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பது அந்தப் பழைய ஆட்கள்தான். நீங்கள் சுருட்டிய கட்டுத்துணி யாரோ ஒருவருடைய காயத்துக்கு நிஜமாகவே போயிருக்கும். அந்த சிஸ்டர் உங்களைச் சமாதானப்படுத்தும் குழந்தையாக நடத்தவில்லை, உதவிக்கு இருக்கும் ஆளாக நடத்தினார். நான் பார்த்த வரையில் நீண்ட நாள் படுக்கையில் இருந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு பாசத்தோடு நினைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒருவரைத்தான். நம்மால் ஒருவருக்கு உபயோகம் உண்டு என்று தோன்றுவது, எழுந்து நடக்க முடியாத குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நான் நியாயம் செய்யாதவனாவேன். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அமைதியாகிவிடுவதை ரொம்ப காலம் மருத்துவமனைகள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தன. பெற்றோர் வந்துவிட்டுப் போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சும்மா இருக்கிறது, அதனால் வராமலிருப்பதே நல்லது என்று பார்வையாளர் நேரத்தை வாரத்துக்குச் சில மணி நேரமாகக் குறைத்தார்கள், சில இடங்களில் அறவே தடுத்தார்கள். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஜான் போல்பி என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து இதைக் கவனித்து, அந்த அமைதி பல குழந்தைகளிடம் நிம்மதி இல்லை, நம்பிக்கை இழந்த நிலை என்று காட்டினார். முதலில் அழுது எதிர்ப்பு, அப்புறம் சோர்ந்துபோவது, கடைசியில் அம்மா வந்தாலும் ஒட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றை 1952-இல் படம் பிடித்து மருத்துவர்களுக்கே போட்டுக் காட்டினார், பலர் கோபப்பட்டார்கள். 1959-இல் பிரிட்டனில் ஒரு அரசுக் குழு, பெற்றோரை எப்போது வேண்டுமானாலும் வர விட வேண்டும், சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் தங்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் வார்டுகள் மாறப் பல வருடங்கள் பிடித்தன.

அப்படியானால் உங்கள் சந்தோஷமும் அந்த மாதிரி அமைதிதானா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிவு மிக மோசமாகத் தாக்குவது ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து நாலு வயது வரையுள்ள குழந்தைகளை. அவர்களுக்கு "சாயங்காலம் வருவேன்" என்றால் என்னவென்றே புரியாது. ஏழு வயதில் சாயங்காலம் என்றால் என்ன என்று தெரியும், மணி பார்க்கத் தெரியும், வாசலைப் பார்த்துக் காத்திருக்கத் தெரியும். ஒட்டாமல் போன குழந்தைக்கு எல்லா சிஸ்டரும் ஒன்றுதான், யார் தூக்கினாலும் போகும், யார் போனாலும் கவலைப்படாது. நீங்கள் ஒரு சிஸ்டரைத் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொண்டீர்கள். பக்கத்துக் கட்டில் பையன் போனது இத்தனை வருடம் கழித்தும் உங்களுக்குள் கிடக்கிறது. முக்கியமாக, அம்மா கிளம்பும்போது கதறினீர்கள். அம்மாவை விட்டு மனதளவில் விலகிவிட்ட குழந்தை கதறாது.

ஆக உங்கள் அக்கா சொன்னதும் உண்மை, நீங்கள் சொன்னதும் உண்மை. அழுகை உங்களுக்கு நினைவில்லாமல் போனது ஆச்சரியமில்லை. நினைவு என்பது எடுத்து வைத்த புகைப்படம் இல்லை, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மறுபடி கட்டப்படுவது என்பதை 1932-லேயே பார்ட்லெட் என்ற உளவியலாளர் விரிவாக எழுதிவிட்டார். அதிலும், கசப்பான சம்பவங்களோடு ஒட்டியிருந்த உணர்ச்சி, இனிமையான சம்பவங்களின் உணர்ச்சியைவிடச் சீக்கிரம் மங்கிவிடும் என்பது பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். தினமும் ஒரே மாதிரி நடந்தது தனித்தனியாகத் தங்குவதும் இல்லை. அம்மா கிளம்பும் அந்தப் பத்து நிமிடத்தைவிட, பெட்டி அந்தப் பக்கத்திலிருந்து என்ன கொண்டுவரப் போகிறதோ என்று காத்திருந்த நேரம் அதிகம், அதில் தினமும் ஏதாவது புதிதாக நடந்திருக்கும். நூல் பச்சையா நீலமா என்பதில்கூட நீங்கள் தவறலாம். விளையாடிய சந்தோஷம் அதனால் பொய்யாகிவிடாது.

வீட்டில் பாசம் கிடைக்காத குழந்தைதான் இப்படி நினைக்குமா என்ற கேள்வி உங்களைக் குத்துவதற்குக் காரணம், உங்கள் அம்மாவும் அன்று அதையேதான் கேட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார். சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கிறது, வீட்டில் அடி, ஆஸ்பத்திரியில் நிம்மதி என்று. உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. வார்டுக்குத் திரும்பப் போகணும் என்று அடம்பிடித்தது மிகவும் சாதாரணம். ஒரு வருடமாக உங்கள் உலகமே அந்த ஹால்தான். வீட்டில் திடீரென்று இருட்டு, அமைதி, ராத்திரி முழுக்க எரியும் அந்த மங்கலான விளக்கு இல்லை, கூப்பிட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் கட்டில் இல்லை. அதோடு, தன்னை அங்கே விட்டுவிட்டு வந்தவர் என்ற கோபத்தைக் குழந்தை யாரிடம் காட்டும்? தன்னை விட்டுப் போகவே மாட்டார் என்று நம்புகிறவரிடம்தான். அம்மா அதை "நீ எனக்கு வேண்டாம்" என்று கேட்டுவிட்டார், பாவம், இத்தனை வருடமாக அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு செய்தியை மட்டும் மறுபடி மறுபடி சொல்கிறார் என்றால் அது வேடிக்கைக் கதையாக இல்லை, யாராவது இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.

அம்மாவிடம் பேசுங்கள், கூட்டத்தில் இல்லாமல் தனியாக. ஆனால் "சந்தோஷமா இருந்த வருஷம்" என்ற வார்த்தையோடு போகாதீர்கள், அவருக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்கும். பெட்டிக் கதையைச் சொல்லுங்கள், பெட்டிக்குள் என்ன வந்தது, எங்கே சிக்கியது என்று முழுதாக. அவர் போன பிறகு என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், குழந்தை ராத்திரி முழுக்க அழுதுகொண்டே இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அப்புறம் அவருடைய வருடத்தைக் கேளுங்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது யாராவது பேசினார்களா, டாக்டர் என்ன சொன்னார், நொண்டியாகிவிடுவேன் என்று பயந்தீர்களா, வீட்டையும் ஆஸ்பத்திரியையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. நடுவில் "எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா" என்று ஆறுதல் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். அவர் உங்களை மன்னிக்க வேண்டியதும் இல்லை, நீங்கள் அவரை மன்னிக்க வேண்டியதும் இல்லை, இருவரும் ஒரே கட்டிடத்தில் இரண்டு வேறு வருடங்களைக் கழித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒன்று சொல்லலாம், உங்களுக்கு உண்மை என்று தோன்றினால் மட்டும். அம்மா தவறாமல் வருவார் என்ற நம்பிக்கை இருக்கும் குழந்தையால்தான் மீதி நேரத்தில் நிம்மதியாக விளையாட முடியும், போல்பியின் ஆராய்ச்சி முழுக்க இதைத்தான் சொல்கிறது. உங்கள் விளையாட்டுக்கு அடியில் அவருடைய வருகை இருந்தது. ஆனால் சமாதானத்துக்காக இதைச் சொல்லாதீர்கள், பெற்ற தாய்க்கு ஒப்புக்குச் சொல்வது உடனே தெரிந்துவிடும்.

அக்காவைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவர்தான் மனதில் நிற்கிறார். பல மருத்துவமனைகளில் உடன்பிறந்த பிள்ளைகளை வார்டுக்குள் விடவே மாட்டார்கள், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று. பதினொரு வயதில் ஒரு வருடம் அம்மா பாதி நாள் வீட்டில் இல்லை, இருக்கும்போதும் அழுது சிவந்த கண்ணோடு இருக்கிறார், தங்கையைப் பற்றிக் குறை சொல்லவும் கூடாது, ஏனென்றால் அவள் நோயாளி. நீண்ட நாள் நோயில் இருக்கும் குழந்தையின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளை யாரும் எதுவும் கேட்பதில்லை, வார்டில் எங்களுக்கே அவர்கள் கண்ணில் படுவது அபூர்வம். அன்று அக்கா கோபப்பட்டது அம்மாவுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. "நீ அப்போ எப்படி இருந்தே?" என்று அவரிடமும் கேளுங்கள். பதில் கொஞ்சம் காரமாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கட்டில் பையன். இதற்கு நான் பொய்யான ஆறுதல் தரப்போவதில்லை. அவனும் உங்களைப் போல எலும்பு நோய்க்காகப் படுத்திருந்தால் வீட்டுக்குப் போனான் என்பதே பெரும்பாலும் உண்மை, அந்த வார்டுகளில் பிள்ளைகள் நிறைய நாள் இருப்பார்களே தவிர இறப்பது அரிது. டிஸ்சார்ஜ் காலையில் சீக்கிரமே நடப்பதும், இன்னொரு குழந்தை பார்த்து ஏங்கும் என்று தூங்கும்போதே அனுப்பிவிடுவதும் உண்டு. ஆனால் இறப்பைக் குழந்தைகளிடம் "வீட்டுக்குப் போய்விட்டான்" என்று சொல்வதும் அப்போது வழக்கமாக இருந்தது, அதனால் உங்கள் சந்தேகம் அர்த்தமில்லாததும் அல்ல. அவன் எதற்காக அங்கே இருந்தான் என்று அம்மாவுக்கு ஞாபகம் இருக்கலாம், பெற்றோர்கள் வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் இதற்குமேல் கண்டுபிடிக்க வழி இருக்காது. இறந்தானோ வீட்டுக்குப் போனானோ, விடை சொல்லிக்கொள்ளாமல் பிரிந்துவிட்டீர்கள், அந்த வருத்தம் இரண்டுக்கும் பொது. ஏழு வயதுக் குழந்தையின் நட்பு என்று அதைச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டாம்.

வார்டைப் பார்க்கப் போகலாம், தடையில்லை. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், நோயாளிக் குழந்தைகள் இருக்கும் இடம் என்பதால் உள்ளே விடாமலும் போகலாம். நீங்கள் தேடும் வார்டு அங்கே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்த்தஸுக்கு இப்போது ஒரு வருடம் படுக்க வைப்பதில்லை, பயிற்சியும் அவ்வப்போது படம் எடுத்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும்தான், பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். உள்ளே போனதும் அந்த மருந்து வாடையில் மூச்சு முட்டினாலோ, அதற்குப் பிறகு தூக்கம் கெட்டாலோ, கெட்ட கனவாகவே வந்துகொண்டிருந்தாலோ அப்போது நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள், கணவர் சொன்னதையும் அவரோடு சேர்த்துப் பேசிப் பார்க்கலாம். வெறும் அழுகை மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. சின்ன வயதில் பெர்த்தஸ் வந்த இடுப்பு, உருண்டை கொஞ்சம் தட்டையாகச் சேர்ந்திருந்தால், நடுவயதில் மற்றவர்களைவிட முன்னதாகவே தேய ஆரம்பிக்கலாம். வலி இடுப்பில்தான் தெரியும் என்றில்லை, தொடை இடுக்கிலோ, அன்றைக்கு மாதிரியே முழங்காலிலோ தெரியலாம். செருப்பு ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்கிறதா, சம்மணம் போட்டு உட்கார ஒரு கால் மட்டும் மறுக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையில் பழைய பதிவேடோ படமோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள் (இத்தனை வருடம் வைத்திருப்பது குறைவு, கேட்பதில் நஷ்டமில்லை), கிடைக்காவிட்டாலும் எலும்பு மருத்துவரிடம் சின்ன வயதில் வந்த நோயைச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த மாதம் எடை கட்டினார்கள், எப்போது கட்டுப் பிரித்தார்கள் என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான்.